மருந்தின் தரம்: சிறுவர் சிகிச்சையாளருக்கு அதில் என்ன வேலை?

#1 பிடோக்_பிசியோ
இயன்முறை, தொழில்வழி, பேச்சுச் சிகிச்சை என்று சிறுவர்களோடு வேலை செய்பவர்களுக்காக இந்த இழை. மருந்து எழுதிக் கொடுப்பது நம் வேலை இல்லை, அளவை மாற்றும் உரிமையும் நமக்கு இல்லை. ஆனால் நாம் அளப்பதெல்லாம் மருந்து உள்ளே போன உடம்பைத்தான்.

ஒரு எடுத்துக்காட்டு. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குப் போன வாரம் கெண்டைக்கால் இறுக்கம் மாற்றியமைத்த ஆஷ்வர்த் அளவுகோலில் (தசை இறுக்கத்தை 0 முதல் 4வரை தரப்படுத்துவது) 1+, இந்த வாரம் 3. 'வீட்டில் நீட்சிப் பயிற்சி செய்யவில்லை' என்று குறிப்பில் எழுதிவிடுகிறோம். இறுக்கத்தைத் தளர்த்தத் தரும் பேக்லோஃபென் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், போத்தலைக் குலுக்கினார்களா, போத்தலே புதிதா என்று கேட்பதில்லை. பேக்லோஃபென் சில மணி நேரத்தில் இறங்கிவிடும் மருந்து. கொடுத்து ஒரு மணி நேரம் ஆன பிள்ளையையும் ஆறு மணி நேரம் ஆன பிள்ளையையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

மருந்தாளர்கள், பேச்சுச் சிகிச்சையாளர்கள் யாராவது இருந்தால் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்.

#2 நடுநிலை
கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. நாம் இருப்பது சிங்கப்பூரில். மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி இல்லாத மருந்து மருத்துவமனை மருந்தகத்துக்குள் வராது. தரக்குறைவான மருந்து என்பது ஆப்பிரிக்காவின் பிரச்சினை, கிராமத்து மருந்துக்கடையின் பிரச்சினை. சிகிச்சையாளர் தன் வேலையைப் பார்த்தால் போதாதா?

#3 மாத்திரைப்பெட்டி
நடுநிலை தம்பி, மருந்தகத்தின் கதவுவரை நீங்கள் சொல்வது சரி. அதற்குப் பிறகு அந்தப் போத்தல் வீட்டுக்குப் போகிறது. தொழிற்சாலையில் கெடுவது ஒன்று, வீட்டில் வைக்கும் இடத்தில் கெடுவது ஒன்று, கரண்டியில் ஊற்றும்போது கெடுவது ஒன்று. பிள்ளையின் உடம்புக்கு மூன்றும் ஒன்றுதான். சீட்டில் எழுதிய அளவு உள்ளே போகவில்லை.

முதலில் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். சிரப்பில் மருந்தைக் கரைக்க கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். இவற்றின் இடத்தில் தொழிற்சாலைத் தரச் சரக்கு நுழைந்தால் டைஎத்திலீன் கிளைக்கால், எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சுகள் கூடவே வரலாம். அவையும் நிறமற்றவை, இனிப்பானவை. நாக்கால் கண்டுபிடிக்க முடியாது, சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். அனுமதிக்கப்படும் எல்லை 0.1 விழுக்காடு. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு சிரப்பால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் புதிதாக வந்தது. 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள். அதே ஆண்டு நமக்குப் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் 200க்கும் மேல். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் குடித்த இருமல் சிரப் தயாரானது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதனையில் வந்த டைஎத்திலீன் கிளைக்கால் அளவு 48.6 விழுக்காடு. எல்லையைவிட 486 மடங்கு.

இங்கே தேக்காவில் வசிப்பவருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பும் பெட்டியில் இருமல் சிரப் வரும். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவுவரை கொண்டுவர இங்கே இடமுண்டு. அந்தப் போத்தலை ஆணையம் பார்த்திருக்காது.

#4 பிடோக்_பிசியோ
அக்கா, டைஎத்திலீன் கிளைக்காலில் நம் துறைக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். முதலில் வாந்தி, வயிற்றுவலி, பிறகு சிறுநீர் குறைந்து சிறுநீரகம் நிற்பது. பிழைத்தவர்களிடம் ஒன்றிரண்டு வாரம் கழித்து முகத்தசை வாதமும் கைகால் பலவீனமும் வரலாம். 2006இல் பனாமாவில் நடந்ததில் இந்த நரம்புப் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. காரணம் தெரியாத முகவாதத்தோடும் தளர்ந்த கால்களோடும் ஒரு பிள்ளை புனர்வாழ்வுக்கு வந்தால், சமீபத்தில் என்ன சிரப் குடித்தது என்ற கேள்வி வரலாற்றுக் குறிப்பில் இருக்க வேண்டும்.

#5 மாத்திரைப்பெட்டி
இனி வீடு. இதைத்தான் நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் நிஜமாகக் கெடுவது இங்கேதான்.

ஆசியானில் மருந்தின் ஆயுளைச் சோதிப்பது 30 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதத்தில். அது மூடிய பொட்டலத்துக்குச் செய்த சோதனை. பொட்டலத்தைப் பிரித்த பிறகு அந்த உறுதி போய்விடும். வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை காற்றிலிருந்து நீரை இழுக்கும் குணம் உள்ளது. ஏழு நாள் மாத்திரைப் பெட்டியில் திங்கள், செவ்வாய் என்று பிரித்துப் போட்டு வைத்தால் வார முடிவுக்குள் ஊறி, பிசுபிசுத்து, உடையும். ஃபாயிலோடு கத்தரித்து, ஃபாயிலோடேயே பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமசெபின் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். ஈரம் பட்டால் கெட்டியாகி, வயிற்றில் சரியாகக் கரையாமல் போகும். உறிஞ்சப்படும் அளவில் மூன்றில் ஒரு பங்குவரை இழப்பு ஏற்படலாம். கண்ணுக்கு மாத்திரை மாத்திரையாகவே இருக்கும். குளியலறை அலமாரி, அடுப்புக்கு மேல் தட்டு, மழையில் நனைந்த பள்ளிப்பை மூன்றும் மோசமான இடங்கள். வெயிலில் நிறுத்திய காரைச் சொல்லவே வேண்டாம்.

தூளாக வந்து நீர் கலக்கும் ஆன்டிபயாட்டிக்கில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கலந்த நாளிலிருந்து ஃபிரிட்ஜில் ஏழு நாள்தான். மிச்சத்தை 'அடுத்த காய்ச்சலுக்கு' வைப்பது நம்மவர்களுக்குக் கைவந்த கலை.

#6 கைத்திறன்_செங்காங்
வலிப்பு மருந்து பற்றிப் பேசும்போது ஃபெனிடோயின் சஸ்பென்ஷனையும் சேர்க்க வேண்டும் அக்கா. மேலே தெளிவு, கீழே வண்டல். குலுக்காமல் ஊற்றினால் போத்தலின் முதல் பாதியில் மருந்து குறைவு, கடைசிப் பாதியில் அதிகம்.

#7 மாத்திரைப்பெட்டி
ஆமாம், அதிலும் ஃபெனிடோயின் பொல்லாதது. உடம்பு அதை வெளியேற்றும் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை நெருங்கியபின் கொடுக்கும் அளவு சிறிதே ஏறினாலும் இரத்தத்தில் அளவு பல மடங்கு தாவும். போத்தல் தீரும் வாரத்தில் பிள்ளை தள்ளாடும், கண் பக்கவாட்டில் துடிக்கும், பேச்சு குழறும். புதுப் போத்தல் திறந்த வாரத்தில் வலிப்பு வரும். மாதா மாதம் இதே சுழற்சி தெரிந்தால் போத்தலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் நடை குறிப்பில் 'சமநிலை பின்னடைவு' என்று மட்டும் இருந்தால் மருத்துவருக்கு இந்தச் சுழற்சி தெரியாது. தேதியோடு எழுதுங்கள்.

குழாய் வழியாக உணவு கொடுக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். பால் உணவோடு சேர்ந்தால் ஃபெனிடோயின் உறிஞ்சப்படுவது குறையும். உணவுக்கும் மருந்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை மருத்துவமனை எழுதிக் கொடுக்கும். சிகிச்சை வகுப்பு நேரத்துக்காக அந்த இடைவெளியை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று, தயாரிப்பாளர் மாற்றம். பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் வலிப்பு மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்தது. ஃபெனிடோயின், கார்பமசெபின், ஃபினோபார்பிட்டல், பிரிமிடோன் நான்கும் முதல் வகை: ஒரே தயாரிப்பாளரின் மருந்தையே தொடர வேண்டும். லெவெட்டிரசெட்டம் மூன்றாம் வகை, மாற்றினாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆகவே 'மாத்திரை நிறம் மாறியிருக்கு' என்று பெற்றோர் சொன்னால் எந்த மருந்து என்று கேட்ட பிறகு கவலைப்படுங்கள்.

#8 நடுநிலை
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லெவெட்டிரசெட்டம் தொடங்கிய பிள்ளைகள் சிடுசிடுப்பாகிறார்களே, அது தரக் குறைவா, பக்கவிளைவா?

#9 மாத்திரைப்பெட்டி
பக்கவிளைவு. நல்ல தரமான மருந்தே அதைச் செய்யும். இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் சிகிச்சையாளர் 'மருந்து சரியில்லை' என்று முடிவு எழுதக் கூடாது என்கிறேன். என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். தொடங்கிய தேதி, நடத்தை மாறிய தேதி இரண்டும் இருந்தால் மீதியை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

#10 சொல்வளம்
பேச்சு, விழுங்கல் பக்கத்திலிருந்து ஒன்று. இது மருந்தின் தரமா, கலவையின் தரமா என்று கேட்டால் இரண்டும் என்பேன்.

விழுங்கல் சிரமம் உள்ள பிள்ளைக்குத் திரவத்தைக் கெட்டிப்படுத்தித் தருகிறோம். அதே பிள்ளைக்கு மலச்சிக்கலும் இருக்கும், மேக்ரோகால் தூள் எழுதியிருப்பார்கள். மாவுச்சத்து அடிப்படையிலான கெட்டிப்பொருளில் மேக்ரோகால் விழுந்தால் கெட்டி உடைந்து தண்ணீராகிவிடும். நாம் நிலை 3 (மிதமான கெட்டி) என்று சோதித்துக் கொடுத்த பானம் உதட்டுக்குப் போகும்போது நிலை 0 (தண்ணீர்போல்). நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். பிரிட்டனில் 2021இல் இதற்கென்று எச்சரிக்கையே வந்தது. கெட்டிப்பொருள் டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள்: மாற்றியமைத்த மாவுச்சத்து என்று இருந்தால் மேக்ரோகாலோடு கலக்கக் கூடாது. சாந்தன் கம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

சாந்தன் கம்மிலும் வேறொரு தொல்லை உண்டு. மாத்திரையைப் பொடித்து அதில் கலந்தால் மருந்து மெதுவாக வெளியேறும். நேரம் தள்ளிப்போகும்.

எச்சில் ஒழுகல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளோனசெபம், நைட்ரசெபம், ரிஸ்பெரிடோன் எல்லாம் எச்சிலைக் கூட்டலாம், அல்லது விழுங்குவதைக் குறைக்கலாம். அளவு தவறிக் கூடிப்போனால் நனைந்த சட்டைக் காலரும் ஓர் அறிகுறியாக இருக்கலாம். ஒரு வகுப்பில் எத்தனை துணி மாற்றினார்கள் என்று எண்ணி எழுதுவது எளிமையான, பயனுள்ள அளவு.

#11 உட்லண்ட்ஸ்_அப்பா
நான் சிகிச்சையாளர் இல்லை, பெற்றோர். பேக்லோஃபென் 10 மி.கி. மாத்திரைதான் தருகிறார்கள், பிள்ளைக்கு வேண்டியது 2.5 மி.கி. பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கி, 2.5 மி.லி. ஊசிக்குழலில் எடுத்தால் கணக்கு சரிதானே?

#12 மாத்திரைப்பெட்டி
காகிதத்தில் சரி, கிண்ணத்தில் தப்பு ஐயா. பேக்லோஃபென் தண்ணீரில் லேசாகத்தான் கரையும். பொடி அடியில் தங்கும், மேலிருந்து உறிஞ்சினால் அளவு குறையலாம், அடியிலிருந்து உறிஞ்சினால் கூடலாம். கிண்ணத்தின் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனை மருந்தாளரிடம் திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும்வரை எப்படிக் கலக்கிக் கொடுப்பது என்பதையும் அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

திரவம் கிடைத்தால் அடுத்த பொறி செறிவு. ஒரு தயாரிப்பில் 5 மி.லி.யில் 5 மி.கி. மருத்துவமனையில் கலந்த இன்னொன்றில் ஒரு மி.லி.யிலேயே 5 மி.கி. இருக்கலாம். '5 மி.லி. கொடு' என்று மனப்பாடமாக வைத்திருப்பவர் போத்தல் மாறிய அன்று ஐந்து மடங்கு கொடுத்துவிடுவார். பிள்ளை துணிபோல் துவண்டு, எழுப்ப முடியாமல் தூங்கும். அப்படி இருந்தால் உடனே ஆம்புலன்சுக்கு 995. எதிர்ப்பக்கமும் ஆபத்துதான்: பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் இறுக்கம் முன்னைவிட மோசமாகும், பிரமை, வலிப்புவரை போகலாம். ஊருக்குப் போகும்போது போத்தலை மறந்துவிட்டுப் போவது அதனால்தான் பெரிய விஷயம்.

பாராசிட்டமாலிலும் இதே கதை. இங்கே 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதும் 250 மி.கி. உள்ளதும் அருகருகே விற்கிறது. வீட்டுத் தேக்கரண்டி வேண்டவே வேண்டாம். ஒன்று 3 மி.லி. கொள்ளும், இன்னொன்று 7 கொள்ளும்.

#13 பிடோக்_பிசியோ
இறுகிய தசையைத் தளர்த்தப் போடும் பொட்டுலினம் ஊசி பற்றி யாரும் பேசவில்லை, நான் எழுதுகிறேன். ஊசி போட்டுச் சில நாளில் தசை தளரத் தொடங்கும், நான்கு வாரம் வாக்கில் உச்சம், மூன்று மாதம் வாக்கில் தேய்ந்துவிடும். வார்ப்புக்கட்டு, நீட்சி, நடைப்பயிற்சி எல்லாம் அந்தச் சாளரத்துக்குள்தான். மருந்து வேலை செய்யாவிட்டால் வீணாவது மருந்துக் காசு மட்டும் இல்லை, பிள்ளையின் மூன்று மாதம்.

பிரிக்காத குப்பி குளிர்ப்பதனத்தில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உப்புநீரில் கலந்தபின் போடாக்ஸ் (பொட்டுலினத்தின் ஒரு வணிகப் பெயர், டிஸ்போர்ட் இன்னொன்று) 24 மணி நேரத்துக்குள் பயன்பட வேண்டும். குலுக்கி நுரைக்க விடக் கூடாது. போடாக்ஸின் யூனிட்டும் டிஸ்போர்ட்டின் யூனிட்டும் ஒன்றல்ல, ஆகவே '100 யூனிட்' என்று மட்டும் குறிப்பில் எழுதினால் அது பயனற்ற குறிப்பு. பெயர், யூனிட், எந்தத் தசை, தேதி, தொகுதி எண் ஐந்தும் வேண்டும்.

நான்கு வாரத்தில் டார்டியூ அளவெடுங்கள். வேகமாக நீட்டும்போது தசை பிடிக்கும் கோணம் ஒன்று, மெதுவாக நீட்டி எட்டும் கோணம் ஒன்று. ஊசிக்கு முன் இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்து, ஊசிக்குப் பின்னும் அப்படியே இருந்தால் மருந்து, அளவு, குத்திய இடம் மூன்றில் ஒன்றில் கோளாறு. முன்பே இடைவெளி குறைவாக இருந்திருந்தால் தசை ஏற்கெனவே சுருங்கிவிட்டது, எவ்வளவு நல்ல மருந்தும் அதை நீட்டாது. இந்த வேறுபாட்டை அளந்து காட்டக்கூடியவர் பிசியோ. இங்கேயும் மருந்தின் மேல் பழிபோடுவதற்கு முன் நம் அளவெடுப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கால் மடங்கியா நீட்டியா என்று எழுதாத கணுக்கால் கோணங்கள் எத்தனை!

#14 கைத்திறன்_செங்காங்
கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்கு வருவோம். கான்செர்ட்டா மாத்திரை சாதாரண மாத்திரை இல்லை, சின்ன பம்ப். மேல்பூச்சிலிருந்து 22 விழுக்காடு உடனே இறங்கும், மீதி 78 விழுக்காடு உள்ளே நீர் புகுந்து தள்ளத் தள்ளப் பல மணி நேரம் வெளியேறும். கடித்தாலோ பாதியாக வெட்டினாலோ பம்ப் போச்சு. வெற்று ஓடு மலத்தில் அப்படியே வரும், 'மாத்திரை கரையவே இல்லை' என்று பெற்றோர் பதறுவார்கள். அது வேலை செய்து முடித்த ஓடு.

2014 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதன் இரண்டு பிரதி மருந்துகள் (அதே மருந்தை வேறு நிறுவனம் செய்தவை) அசலுக்குச் சமம் என்று கொடுத்திருந்த தரத்தைக் கீழிறக்கியது. விழுங்கி 7 முதல் 12 மணி நேரத்தில் மருந்து போதிய அளவு வெளிவராமல் இருக்கலாம் என்பது காரணம். இங்குள்ள நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள். காலை 7 மணிக்கு விழுங்கினால் அந்தச் சாளரம் பிற்பகல் 2 முதல் இரவு 7. பள்ளி முடிந்து சிகிச்சைக்கு வரும் நேரம் முழுக்க அதற்குள் அடங்கும். காலையில் வகுப்பாசிரியர் 'நன்றாக இருக்கிறான்' என்பார், மாலை நான்கு மணிக்கு நம்மிடம் நாற்காலியில் உட்கார மாட்டான். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே கையெழுத்து, கவனச் சோதனை எதுவானாலும் விழுங்கிய மணி, சோதனை தொடங்கிய மணி இரண்டையும் எழுதுங்கள். மறுசோதனையும் அதே இடைவெளியில் இருக்கட்டும்.

#15 சொல்வளம்
தூக்கத்துக்கு மெலடோனின் கம்மி மிட்டாய் இணையத்தில் வாங்கித் தருபவர்களுக்கு: 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 25 கம்மி வகைகளைச் சோதித்தார்கள். 22இல் லேபிள் தவறு. உண்மை அளவு லேபிளில் இருந்ததில் 74 முதல் 347 விழுக்காடுவரை. ஒன்றில் மெலடோனினே இல்லை. காலை 9 மணி வகுப்பில் பிள்ளை மந்தமாக இருந்தால், 'இரவு என்ன கொடுத்தீர்கள்' என்று கேட்பது துருவல் இல்லை.

#16 நடுநிலை
நாட்டு மருந்து பற்றிச் சொன்னால் சண்டை வரும், இருந்தாலும் கேட்கிறேன். பேச்சு வர வசம்பு, நரம்புக்குப் பஸ்பம் என்று ஊரிலிருந்து வருகிறதே?

#17 மாத்திரைப்பெட்டி
சண்டை எதற்கு, விவரம் சொல்கிறேன். சீன மருந்துத் தயாரிப்புகளை இங்கே விற்பதற்கு முன் ஆணையத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்திய, மலாய் பாரம்பரிய மருந்துகளுக்கு அந்த முன் அனுமதி முறை இல்லை, பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. உலோகம் சேர்த்துச் செய்யும் ரச வகையில் பத்தில் நான்கு. எல்லா நாட்டு மருந்தும் நஞ்சு என்று இதற்குப் பொருள் இல்லை. பஸ்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்த்துச் செய்வதைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் பொருள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அது தாக்குவது கவனம், மொழி, கற்றல், அதாவது நாம் சிகிச்சை தரும் அதே இடங்களை. கண்ணுக்கு இடும் சுர்மாவிலும் ஈயம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இரத்த ஈய அளவு பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். 'ஏதாவது நாட்டு மருந்து கொடுக்கிறீர்களா' என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். 'வீட்டில் பாட்டி எதாவது உரசித் தருவாங்களா, அடுத்த முறை அதையும் எடுத்துட்டு வாங்கம்மா, பார்க்கலாம்' என்றால் போத்தலே மேசைக்கு வரும்.

#18 கைத்திறன்_செங்காங்
குறிப்பில் எழுத வேண்டியதை ஒரே வரியில் வைத்துக்கொள்ளலாம்: மருந்தின் பெயர், செறிவு, வடிவம், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி, கடைசியாகக் கொடுத்த மணி. பெற்றோர் அனுமதியோடு போத்தலைப் படம் எடுத்தால் முப்பது விநாடி வேலை. எல்லா வகுப்பிலும் வேண்டாம், முதல் மதிப்பீட்டிலும் போத்தல் மாறிய அன்றும் போதும். கொடுத்த மணி மட்டும் ஒவ்வொரு முறையும்.

#19 பிடோக்_பிசியோ
சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்பதையும் சொல்லிவிடுவோம். முதலில் மருந்து கொடுத்த மருந்தகத்தின் மருந்தாளர். போத்தலைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள், மிச்சம் இருந்தால்தான் சோதிக்க முடியும். மூடி இறுக்கி, மற்ற மருந்திலிருந்து தனியாக வைக்கட்டும். பக்கவிளைவு, தரக் குறை இரண்டையும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையப் படிவத்தில் தெரிவிக்கலாம். 'நிறுத்துங்கள்' என்று மட்டும் நாமாகச் சொல்லிவிடக் கூடாது. பேக்லோஃபென் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று மேலே படித்தோம், வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான்.

#20 உட்லண்ட்ஸ்_அப்பா
நன்றி. மருந்தகத்தில் கேட்டேன், திரவமாகத் தருகிறார்களாம், ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். ஃபிரிட்ஜ் கதவில் வைக்கலாமா?

#21 மாத்திரைப்பெட்டி
கதவு வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும். ஃபிரீசருக்கு ஒட்டிய மேல்தட்டும் வேண்டாம், உறைந்தால் கட்டி கட்டும். நடுத்தட்டில், உள்பக்கமாக. போத்தலில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். ஊசிக்குழலில் எடுக்கும் முன் தலைகீழாகப் பத்து முறை குலுக்கி, அடியில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.